மூன்றாவது முடிச்சு

மாப்பிள்ளை அயர்லாந்துக்காரர். பெண் கும்பகோணத்துக்காரி. தவில் வித்வான் கலியமூர்த்திக்கு இடது மணிக்கட்டில் வீக்கம். அதனால் அன்று தனியாக வாசிக்க வேண்டியவன் அவர் சீடன் வைரவேல். அவன் காலையிலிருந்தே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாலி ஏறும்போது ஒரு தும்மலோ கெட்ட வார்த்தையோ யார் காதிலும் விழக்கூடாது. கெட்டிமேளம் அதற்குத்தான். கோட்டைவிட்டால் பெண் வீட்டார் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள். அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

கல்யாண ஏற்பாடுகளைக் கவனித்த பெண்ணிடம் போனான்.

"கெட்டிமேளம் எத்தனை மணிக்கு மேடம்? எவ்வளவு நேரம்?"

"ஜஸ்ட் கோ வித் த ஃப்ளோ, சார்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

குருவிடம் ஓடி வந்தான்.

"அண்ணே, அந்தப் பொண்ணு ஏதோ கோ வித் த ஃப்ளோங்குது. என்னண்ணே அர்த்தம்?"

"போற போக்குல பாத்துக்கலாம்னு அர்த்தம்."

"அப்ப இஷ்டத்துக்கு வாசிக்கலாமா?"

கலியமூர்த்தி அவன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே! அதைப் பார்த்துத்தானே..."

"மேடையைப் பாரு."

ஐயர் விரலை ஆட்டினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

வைரவேல் அடித்தான். ஒரு முடிச்சு. இரண்டாவது முடிச்சு. மூன்றாவதை நாத்தனார் போட வேண்டும். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை யாரும் இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. நல்ல ஆட்கள்!

பெண்ணின் சித்தப்பாவும் அத்தையும் மேடையிலேயே சண்டைக்கு நின்றார்கள். வாய் அசைந்ததே தவிர ஒரு சொல்கூடக் கீழே கேட்கவில்லை.

வைரவேலுக்குத் தோள் எரிந்தது. நிறுத்திவிடலாமா? நாதஸ்வரக்காரர் மூச்சு முட்டிப்போய்க் கண்ணாலேயே கெஞ்சினார். பயந்துபோய்க் குருவைப் பார்த்தான். அவர் தாலிக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனும் அதையே பார்த்தான். கை தானாக ஓடியது.

ஒருவழியாக மாப்பிள்ளையின் சித்தி மகளைப் பிடித்து இழுத்து வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முடிச்சு இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் தடவை விழுந்தது. வைரவேல் நிறுத்தினான்.

பந்தியில் குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"இப்படி நான் வாசிச்சதே இல்லண்ணே. எவ்வளவு நேரம் இருக்கும்?"

கலியமூர்த்தி ரசம் சாதத்தைப் பிசைந்தார்.

"மூணாவது முடிச்சு விழற வரைக்கும்டா."