பதரங்குளத்து டிவிக்கு வந்த வீக்கம்

மழை எட்டிப் பார்க்காத ஊர் உண்டு, பஸ் எட்டிப் பார்க்காத ஊர் உண்டு. புத்தி எட்டிப் பார்க்காத ஊர் என்றால் எனக்குத் தெரிந்து பதரங்குளம் ஒன்றுதான்.

பழைய அனலாக் முறை இனி கிடையாது, எல்லாரும் டிஜிட்டலுக்கு மாறுங்கள் என்று அறிவிப்பு வந்தபோது சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் பெட்டியும் டிஷ்ஷும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். பதரங்குளத்தில், ஊராட்சி டிவி அறையில் இருந்த பழைய பெரிய டிவியில் ஒருநாள் வெள்ளைப் புள்ளிகள் கொட்ட ஆரம்பித்தன. காஷ்மீரைக் காட்டுகிறார்கள் என்று பதினொரு நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். எட்டாம் நாளிலிருந்து சிலர் கம்பளி போர்த்திக்கொண்டு வந்தார்கள்.

சடையப்பனும் கம்பளியோடுதான் பார்த்தார். டிவி அறையின் சாவி அவர் இடுப்பில்தான் இருக்கும். அறைக்குக் கதவு இல்லை என்பதால் அவர் மரியாதை ஒன்றும் குறைந்துவிடவில்லை. பன்னிரண்டாம் நாள் அவர் மகள் பூங்கோதை போன் செய்தாள். வெளியூரில் விளையாட்டு விடுதியில் தங்கிப் படிக்கிற பெண். கபடியில் மாநில இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டிவியில் நேரடியாகக் காட்டுவார்கள், பாருங்கள் என்றாள். சடையப்பன் மகளைக் கண்ணால் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தார். அந்த ஊரில் யோசிப்பதற்கு அதுதான் பெயர்.

பக்கத்து டவுனிலிருந்து அந்தோணிராஜ் என்ற மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். அவர் மொட்டை மாடியில் டிஷ்ஷை மாட்டி, பெட்டியை டிவியோடு சேர்த்து, வயரை இழுத்து முடிக்கிற நேரம் வேறொரு ஊரிலிருந்து போன் வந்துவிட்டது. பைக்கை உதைத்துக்கொண்டே, “ஒரு ஆட்டோ ஸ்கேன் போட்டுருங்க, எல்லாச் சேனலும் வந்துரும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் ஊர் கூடியது. ஊரில் மூளைக்காரர் என்று பேர் எடுத்தவர் மயில்வாகனம். எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்வார். அந்தப் பேருக்கு வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை.

“ஆட்டோ நம்ம வீரணன்கிட்ட இருக்கு. ஸ்கேன் டவுன்ல எடுக்குறாங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றார் மயில்வாகனம்.

“கார்ல போனா ஆகாதா?” என்று ஒருவர் கேட்டார்.

“மெக்கானிக் ஆட்டோன்னு சொல்லிருக்காரு. கார்ல போயி, நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீ பொறுப்பேத்துக்கிருவியா?”

அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுநாள் டிவியைப் போர்வையில் சுற்றி, வீரணனின் ஆட்டோவில் ஏற்றி, ஸ்கேன் சென்டருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் சடையப்பன் அதை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மேடுபள்ளத்தில் மெதுவாகப் போகும்படி வீரணனிடம் கெஞ்சினார். சென்டரில் டோக்கன் கொடுக்கும் பெண் பேஷண்ட் எங்கே என்று கேட்டதும் போர்வையை விலக்கிக் காட்டினார். அவள் கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் இவரைப் பார்த்தாள். பிறகு, பின்னால் இருபது கர்ப்பிணிகள் காத்திருந்ததால், சண்டைக்குப் போகாமல், “இதுக்குள்ள ஒண்ணும் இல்லைங்க, தூக்கிட்டுப் போங்க” என்றாள்.

சடையப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஊருக்குள் நுழையும்போதே, உள்ளே ஒன்றும் இல்லையாம், பயப்பட வேண்டாமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஊரும் நிம்மதியாகச் சாப்பிட்டது. டிவியில் மட்டும் படம் வரவில்லை.

சனிக்கிழமை அந்தோணிராஜுக்குப் போன் போட்டார்கள். ரிமோட்டில் பச்சைப் பொத்தானை அமுக்கச் சொன்னார். சடையப்பன் அமுக்கினார். அந்த ஊரில் சொன்னபடி சரியாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அதில் தப்பாகப் புரிந்துகொள்ள இடமில்லை. எண்கள் ஓடி நின்றன. ஆனாலும் திரை கறுப்பாகவே இருந்தது.

“சிக்னல் வீக்கா இருக்கும்” என்றார் அந்தோணிராஜ். “டிஷ்ஷுக்கு முன்னாடி எதுவும் மறைக்குதான்னு நின்னு பாருங்க. நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நான் போனை எடுக்க மாட்டேன்.”

சடையப்பன் இதைக் கூட்டத்தில் ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். சிக்னலுக்கு வீக்கமாம் என்றார். மயில்வாகனம் எழுந்து டிவியைச் சுற்றி வந்து, அதன் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பழைய டிவி அல்லவா, முதுகு புடைத்துக்கொண்டுதான் இருந்தது.

“கண்ணு முன்னாடி இவ்வளவு பெருசா வீங்கிக் கிடக்கு. ஸ்கேன்ல இதைக்கூட சொல்லாம விட்டுருக்காங்க” என்று வருத்தப்பட்டார்.

மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து டிவி முதுகில் கனமாகப் பற்றுப் போட்டார்கள். நீர் கோத்துக்கொள்ளும் என்று அன்று அதன்மேல் ஈரத்துணி படாமல் சடையப்பன் காவல் இருந்தார்.

ஞாயிறு காலையில் அடுத்த வேலை. டிஷ்ஷுக்கு முன்னால் எதுவும் மறைக்கிறதா என்று நின்று பார்க்க வேண்டும். ஆண்கள் பதினான்கு பேர் மாடி ஏறி, டிஷ்மேல் காயப்போட்டிருந்த கம்பளிகளை நிற்க இடைஞ்சல் என்று எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, டிஷ்ஷுக்கு முன்னால் தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றார்கள். கிழக்கே பார்த்தார்கள், மேற்கே பார்த்தார்கள். ஒரு மரம் இல்லை, ஒரு கம்பம் இல்லை. எதுவும் மறைக்கவில்லை என்று மேலிருந்து குரல் கொடுத்தால், படம் வரவில்லை என்று கீழிருந்து பெண்கள் பதில் சொன்னார்கள். அப்படியானால் இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. கீழே மிச்சமிருந்த நான்கு ஆண்களையும் மேலே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

வெயில் மண்டையைப் பிளந்தது. மணி மூன்றரை. மகள் நாட்டுக்கே தெரியப்போகிறாள், தனக்கு மட்டும் தெரிய மாட்டாள் என்று சடையப்பனுக்குத் தோன்றியது. படம் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரத்தில் டிவி முன்னால் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவர் முகத்தைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். கடைசி ஆள் ஏணியில் காலை வைத்ததும் கீழே படம் பளிச்சென்று வந்தது.

“மஞ்சப் பத்து இப்பத்தான் காஞ்சிருக்கு” என்றார் மயில்வாகனம். எல்லாரும் அவரைக் கும்பிட்டார்கள்.

பூங்கோதை வந்தாள். நீலச் சட்டை, முதுகில் ஏழாம் நம்பர். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போனாள். மூன்று பேர் மேலே விழுந்தும் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். சடையப்பன் அழுதார். முகத்தைத் துடைக்கக் கையை எடுத்தால் அந்த நேரம் படத்தைத் தவறவிட்டுவிடுவோம் என்று துடைக்காமலே அழுதார்.

பாதி ஆட்டம் முடிந்தது. பூங்கோதையின் அணி இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. அறிவிப்பாளர் சிரித்தபடி, “ஒரு சின்ன இடைவேளை. நாங்க திரும்பி வர்ற வரைக்கும் எங்கேயும் போயிடாதீங்க” என்றார். அந்த நிமிஷம் கரண்ட் போனது. ஊருக்கு வெளியே டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் கேட்டது.

யாரும் அசையவில்லை. அரை மணி கழித்து வீரணன் ஒன்றுக்குப் போக எழுந்தார்.

“எங்கேயும்னா எங்கேயும்தான்” என்றார் மயில்வாகனம். வீரணன் உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாய்ந்தது. பெண்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள், பிறகு திட்டிப் பார்த்தார்கள், கடைசியில் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். பொழுது விடிந்தது. பதினெட்டுப் பேரும் கறுப்புத் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். வீரணனின் நிலையை நான் சொல்லப்போவதில்லை.

காலை எட்டு மணி பஸ்ஸில் பூங்கோதை வந்து இறங்கினாள். தோளில் பை, கையில் ஒன்றரை அடி உயரத்துக்குக் கப். வீட்டில் அப்பா இல்லாததால் நேரே டிவி அறைக்கு வந்தாள்.

“அப்பா, ஜெயிச்சுட்டோம்” என்றாள்.

சடையப்பன் மகளைப் பார்த்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு பார்க்கிற முகம். அப்புறம் கப்பைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

“இன்னும் பாதி ஆட்டம் கிடக்கேம்மா” என்றார் மெதுவாக. “அதுக்குள்ள கப்பைத் தூக்கிட்டு வந்துட்டியா?”

ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டது என்று அவள் எவ்வளவோ சொன்னாள். மயில்வாகனம் கண்ணை மூடியபடி, இடைவேளையே முடியாமல் ஆட்டம் எப்படி முடியும் என்று கேட்டார். வெளியே அதே பஸ் திரும்பிப் போவதற்காக ஹாரன் அடித்தது.

சடையப்பன் எழுந்திருக்காமல், இருந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, குனிந்த மகளின் தலையைத் தடவினார்.

“நானே கூட்டிட்டுப் போய் விட்டிருப்பேன். எங்கேயும் போகக் கூடாதுன்னுட்டாங்க. யாரும் பாக்குறதுக்குள்ள கப்பை இருந்த எடத்துல வச்சுட்டு, போய் ஆடு தாயி. ரெண்டு புள்ளிதான், பிடிச்சுரலாம். அப்பா இங்கேயேதான் உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன்.”