முதலாளியின் சிரிப்பு

திருப்பூரில் பனியனுக்குப் படம் அடிக்கும் கம்பெனி. அதன் முதலாளி சென்னியப்பன் ஒருநாள் கத்தினார்: "மை ஒழுங்கா வருதான்னு பார்க்க, தினமும் காலையில எதுக்குச் சோதனைக் கோடு அடிக்கறீங்க? இனி ஒரு சொட்டு மை வீணாகக் கூடாது. மை பீச்சற பிரிண்டர் ஹெட்டும் அடைக்கக் கூடாது!"

ஆயிரம் பனியன் அனுப்ப வேண்டிய வாரத்தில் வெள்ளை மை காய்ந்து எல்லா மெஷினும் படுத்துவிட்டது. ஆபரேட்டர் மயிலாத்தாளின் மெஷின் மட்டும் ஓடியது.

"திருட்டுத்தனமா கோடு அடிச்சியா?"

"இல்லீங்க. தினமும் உங்க சிரிச்ச முகத்தைத்தான் அடிச்சேனுங்க," என்று ஒரு கட்டுப் படங்களை நீட்டினாள். "என்னைக்கு வெள்ளை மை விழாம உங்க பல்லு ஓட்டையாத் தெரியுதோ, அன்னைக்கு அடைப்புன்னு ஹெட்டைக் கழுவிருவேனுங்க. இது வீணுங்களா?"

முதலாளி ஒவ்வொரு படமாகப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"மத்த மெஷினையும் கழுவி, எல்லாத்துலயும் தினமும் அடிம்மா," என்றார். "கொஞ்சம் பெருசாவே அடி."