பாதிக் கூடை

அரிசி மண்டி தணிகாசலம் அன்று கொண்டுவந்த காணிக்கையை நிர்மலசாமியே குனிந்து இரண்டு தடவை பார்த்தார்.

வழக்கமாக ஒரு மூட்டை பொன்னி வரும். பண்டிகைக்கு வேட்டி வரும். அன்று காரின் பின்சீட்டிலிருந்து இறங்கியது கறுப்பாக, மழமழவென்று, ஒரு ஏர் ஃப்ரையர். கூடவே பழைய கம்பளித் துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம். பிரித்தால் உள்ளே பனியில் உறைந்த காய்கறிப் பாக்கெட், கல்லாட்டம்.

ஆரணிக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டி இருந்தது அந்த மடம். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். சாமிக்கு நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. தணிகாசலத்துக்கு அறுபத்தாறு. பெற்ற பிள்ளை வயதுக்காரரின் காலில் விழுவதில் தணிகாசலத்துக்குக் கூச்சம் கிடையாது. ஊரில் வேறு யார் சொல்லையும் கேட்காத மனிதர் அவர். கேட்பதற்கென்று ஓர் ஆள் வேண்டியிருந்தது.

"மடத்துக்குக் காணிக்கை சாமி. ஏத்துக்கணும்."

"யார் குடுக்கறது?"

"நான்தான்."

"யார் வாங்கினது?"

தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டாவது மருமக."

"அந்தப் பொண்ணு குடுக்கச் சொல்லிச்சா?"

"என் வீட்ல இருக்கறது எல்லாம் என்னுதுதானே சாமி."

சாமி தலையை ஆட்டினார். அது ஆமாம் என்பதாகவும் இல்லை, இல்லை என்பதாகவும் இல்லை. "உக்காருங்க ஐயா" என்றார்.

உட்கார்ந்ததும் தணிகாசலம் கொட்டித் தீர்த்தார். மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், பேரப் பிள்ளைகள் எல்லாரும் அவர் வீட்டில் ஒன்றாக இருந்தார்கள். மாடிமேல் மாடியாகக் கட்டினாலும் சமையல்கட்டு கீழே ஒன்றுதான். "தணிகாசலம் வீட்ல இன்னும் ஒரே உலைதான்" என்று பஜாரில் யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கெல்லாம் மண்டியில் சிரித்த முகமாக இருப்பார். மற்ற நாட்களில் எப்படி இருப்பார் என்று மண்டி ஆட்களைக் கேட்கக் கூடாது.

அப்படிப்பட்ட வீட்டில்தான் இரண்டாவது மகன் புகழேந்தியின் மனைவி ஹேமலதா, மாடியில் தன் அறையில், பீரோவுக்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியை வைத்துப் பிளக்கைச் சொருகிவிட்டாள். நான்கு வயது மகள் மகிழினிக்குக் காய் செய்து கொடுக்கிறாள். நேற்று மாடிப்படியில் வாசனை வந்தது. தணிகாசலம் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டார்.

"அடுப்பு இல்ல மாமா, காத்துல வேகற பெட்டிங்கறா சாமி. வேகற இடமெல்லாம் அடுப்புதானே? ஒரு வீட்ல ரெண்டு அடுப்பு எரிஞ்சா அது ரெண்டு வீடு."

"இது எரியலையே."

"சாமி!"

"சரி. அப்புறம்?"

"சத்தம் போட்டேன். புகழேந்தி நடுவுல வந்தான். ஒரு பெட்டிக்கு இடமில்லாத வீட்ல எங்களுக்கும் இடமில்லப்பா, வெள்ளிக்கிழமை கெளம்பறோம்னுட்டான். வாடகைக்கு வீடுகூட பாத்து வெச்சிருக்கானாம்." குரல் கம்மியது. அதை மறைக்க இருமினார். "காலையில ஹேமா பாப்பாவ ஸ்கூல்ல விடப் போனா. நான் பெட்டியையும் அவ ஃப்ரீசர்ல வெச்சிருந்த காயையும் தூக்கிட்டு வந்துட்டேன். இது இருந்தாத்தானே சண்டை?"

கேட்டுக்கொண்டிருந்தால் இதில் ஏதோ நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். வீட்டுப் பெரியவர்கள் செய்கிற காரியம் பலதும் அப்படித்தான்.

"அவனப் பிடிச்சு நிறுத்த ஒரு வழி சொல்லுங்க சாமி. என் பிள்ளைங்க பிரியக் கூடாது. நான் கேக்கறது அவ்வளவுதான்."

சாமி எழுந்தார்.

"பசிக்குது" என்றார். "இதுல எப்படிச் சமைக்கறதுன்னு பாக்கலாம், வாங்க."

தணிகாசலத்துக்கு உள்ளே சுருக்கென்றது. பிள்ளை போகிறான் என்று வந்து நிற்கிறவனிடம் பசியைப் பற்றிப் பேசினால் என்ன அர்த்தம்? ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

சாமி பிளக்கைச் சொருகினார். "நீங்களே போடுங்க."

"நான் சமையல்கட்டுல கால் வெச்சதே இல்ல சாமி."

"நானும் இந்தப் பெட்டியத் தொட்டதில்ல. போடுங்க."

தணிகாசலம் பாக்கெட்டைக் கிழித்தார். பீன்ஸ், கேரட், காலிஃபிளவர், பட்டாணி, ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாகப் பனி. பெட்டியின் கூடையை இழுத்து, பாக்கெட்டைச் சாய்த்தார். கூடை விளிம்பு வரை நிறைந்தது. உள்ளங்கையால் அழுத்திவிட்டு இன்னும் கொஞ்சம் கொட்டினார். ஒரு கை உப்பை அள்ளி மேலே தூவினார். கூடை உள்ளே போகவில்லை. இடுப்பால் ஒரு முட்டு முட்டி மூடினார்.

"நெறைஞ்சிருக்கே" என்றார் சாமி.

"நெறைஞ்சிருந்தாத்தானே சாமி அழகு? எங்க வீட்ல அரைப் பாத்திரம் அடுப்புல ஏறாது."

சாமி பாக்கெட்டில் மிச்சம் இருந்ததை எடுத்துப்போய், யாரோ பக்தர் கொடுத்த பழைய ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தார்.

பெட்டி உறுமத் தொடங்கியது. தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"எங்க அப்பாவும் சித்தப்பாவும் ஒண்ணாத்தான் இருந்தாங்க சாமி. ஒரு நாள் சித்தி தனியா உலை வெச்சாங்க. அப்புறம் நடுவுல சுவர் வந்துச்சு. அப்பா செத்தன்னிக்கு சித்தப்பா தெருவச் சுத்தி, வாசல் வழியா, விருந்தாளி மாதிரி வந்து மாலை போட்டுட்டுப் போனாரு."

"ம்."

"எனக்கு அந்தப் பயந்தான் சாமி. வேற ஒண்ணுமில்ல."

பெட்டியில் மணி அடித்தது. தணிகாசலம் கூடையை இழுத்தார். குபீரென்று ஆவி முகத்தில் அடித்து மூக்குக்கண்ணாடியை மூடியது. துடைத்துவிட்டுப் பார்த்தார். மேலே இருந்தவை ஓரம் தீய்ந்து வதங்கியிருந்தன. கீழே இருந்தவை நிறம் செத்துக் குழைந்து கிடந்தன. கரண்டியால் கிளறியபோது நடுவில் இன்னும் ஜில்லென்று ஒரு கட்டி. கூடைக்கு அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு கேரட்டை எடுத்து வாயில் போட்டார். சப்பென்று இருந்தது. உப்பெல்லாம் தண்ணீரோடு இறங்கிவிட்டது.

"பெட்டி சரியில்ல சாமி. எனக்கு அப்பவே தெரியும்."

சாமி பெட்டியின்மேல் ஒட்டியிருந்த படங்களை ஒரு தடவை பார்த்துவிட்டு, கூடையைக் கழுவி ஈரம் போகத் துடைத்தார். வெறும் கூடையை உள்ளே தள்ளிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டார். பிறகு ஃப்ரீசரைத் திறந்து மிச்சக் காயில் பாதியை எடுத்தார். கொட்டவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் விரலால் பரப்பிவிட்டார். கூடை பாதிகூட நிறையவில்லை. அப்படியே மூடிவிட்டார்.

தணிகாசலத்துக்குத் தாங்கவில்லை. "என்ன சாமி இது, விளையாட்டுச் சொப்புக்குச் சமைக்கற மாதிரி? மீதி இடமெல்லாம் காத்து வாங்கவா?"

"ஆமா ஐயா. காத்து வாங்கத்தான்."

பாதியில் சாமி கூடையை வெளியே இழுத்து ஒரு குலுக்குக் குலுக்கினார். சலசலவென்று உலர்ந்த சத்தம் கேட்டது. மறுபடி உள்ளே தள்ளினார்.

தணிகாசலத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். புகழேந்தி. பெட்டியைக் காணோம் என்று ஹேமலதா சொல்லியிருப்பாள். அடித்து ஓயும்வரை கையிலேயே வைத்திருந்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டார். சாமி திரும்பிப் பார்க்கவில்லை.

மணி அடித்ததும் சாமி கூடையை ஓர் எவர்சில்வர் தட்டில் கவிழ்த்தார். பீன்ஸ் பச்சையாகவே இருந்தது. காலிஃபிளவரின் ஓரங்கள் பொன்னிறமாகச் சிவந்திருந்தன. தணிகாசலம் கையை நீட்டினார்.

"இருங்க" என்று சாமி ஒரு மூடியை எடுத்துத் தட்டின்மேல் வைத்தார். "மீதியும் வரட்டும்."

மீதியையும் அதேபோல் பரப்பினார், அதேபோல் குலுக்கினார். வெந்ததும் மூடியைத் தூக்கி, முதலில் வெந்ததோடு சேர்த்து அதே தட்டில் கொட்டினார்.

"இப்ப சாப்பிடுங்க."

தணிகாசலம் ஒரு பீன்ஸைக் கடித்தார். மொறுக்கென்று முறிந்தது. இரண்டு தடவை மென்றவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

தினமும் கீழே பந்தியில் மகிழினி கூட்டில் இருக்கிற காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டோரத்தில் ஒதுக்குவாள். தினமும் அவர் அதட்டுவார். நேற்று மாடி அறையில் அதே குழந்தை கன்னம் உப்ப மென்றுகொண்டிருந்தது. அவர் பெட்டியைப் பார்த்த வேகத்தில் குழந்தையைப் பார்க்கவில்லை. இப்போதுதான் அந்தக் கன்னம் கண்ணுக்குள் வந்தது.

"நான் போட்டதும் இதே பாக்கெட்தானே சாமி? அது ஏன் அப்படி ஆச்சு?"

"நெருக்கிப் போட்டீங்க. ஒண்ணு விட்ட தண்ணியில இன்னொண்ணு அவிஞ்சு போச்சு."

தணிகாசலம் ஒரு கேரட் துண்டை விரலில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். கடைசியில் நிமிர்ந்தார்.

"ஆனா சாமி, ரெண்டு தரமாப் பிரிச்சுத்தானே போட்டீங்க? பிரிச்சது பிரிச்சதுதானே?"

சாமி தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். "இதுல முதல்ல வெந்தது எது, அப்புறம் வெந்தது எது? எடுத்துக் காட்டுங்க."

தணிகாசலம் குனிந்தார். ஒரு பிடி அரிசியைக் கையில் வாங்கிப் பழசு எது, புதுசு எது என்று சொல்கிற ஆள். இதையா கண்டுபிடிக்க முடியாது என்று கிளறினார். எடுத்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். ஒன்றைத் தின்றும் பார்த்தார்.

"தெரியல சாமி."

"தட்டு ஒண்ணுதானே ஐயா."

ஏரிக்கரையில் யாரோ மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தோளில் துண்டு இருந்தும் துடைத்துக்கொள்ளவில்லை.

போன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை எடுத்தார்.

"அப்பா, நீங்கதான் எடுத்துட்டுப் போனீங்களா?"

"ஆமாண்டா. என்கிட்டதான் இருக்கு. கொண்டாந்துட்டே இருக்கேன். அது இருந்த இடத்துலயே இருக்கட்டும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அறுந்திருக்கவில்லை.

"வெயில்ல வராதீங்கப்பா" என்றான் புகழேந்தி. "கொஞ்சம் இருந்து வாங்க."

தணிகாசலம் இருக்கவில்லை. பெட்டி கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் கம்பளித் துண்டில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்சீட்டில் வைத்தார். கதவைச் சாத்தினார். பிறகு ஏறாமல் நின்றார்.

"சாமி."

"சொல்லுங்க ஐயா."

"புகழேந்திகிட்ட சொல்லிட்டேன். ஹேமாகிட்ட என்னன்னு சொல்றது? மாமனாரு மருமககிட்ட தப்புன்னு சொல்லி எங்க வீட்ல வழக்கமில்ல."

சாமி தட்டோடு வாசலுக்கு வந்திருந்தார். கடைசியாகக் கிடந்த பட்டாணி ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"இதுல உப்பு இல்ல. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன் சாமி. சொல்லக் கூடாதுன்னு இருந்துட்டேன்."

"நீங்க போட்டது தண்ணியோட போச்சு. எனக்கு எப்பப் போடறதுன்னே தெரியல" என்றார் சாமி. "அந்தப் பொண்ணுகிட்ட கேட்டுக்கங்க."