கொடிமலரும் கெணத்துல விழுந்த வெடியும்

ஒரு ஊர்ல ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குள்ள ஒரு வீடு. அந்த வீட்டுல கொடிமலர்னு ஒரு பொண்ணு, உன் வயசுதான். ம் சொல்லு!

அவளுக்கு எழுதறதுன்னா ஆகவே ஆகாது. பென்சிலைக் குடுத்தா "விரல் வலிக்குது"ன்னுவா. எழுத்து கோட்டுக்குள்ள நிக்கலன்னு நோட்டை மூடிட்டு ஒரே ஓட்டம். அவங்க அம்மாவும் கெஞ்சிக் கெஞ்சி ஓஞ்சு போயிட்டாங்க.

அவகிட்ட ஒரு ஆட்டுக்குட்டி இருந்துச்சு, பேரு வெடி! ஒரு எடத்துல நிக்காது, துள்ளிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் அம்மா கடைக்குப் போயிருந்தாங்க. அப்போ வெடி துள்ளித் துள்ளி, கெணத்து மேட்டுல ஏறி... தொபுக்கடீர்! உள்ள விழுந்துடுச்சு. "ம்மே! ம்மே!"ங்குது. கழுத்தளவு தண்ணி!

தோப்புல இருந்தது வேலாண்டி மாமா மட்டும்தான். எங்க? தென்னை மர உச்சியில, காய் பறிச்சுக்கிட்டு. அவருக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. ஆனா நல்லாப் படிப்பாரு.

"மாமா! மாமா!"ன்னு கத்துனா. ம்ஹூம், திரும்பல. அப்புறம் குதிச்சுக் குதிச்சுக் கையை ஆட்டுனா. மாமா பாத்தாரு, சிரிச்சாரு, அவரும் கையை ஆட்டுனாரு! அப்புறம் கெணத்தைக் கை காட்டுனா. புள்ளைக்குத் தாகம் போலன்னு நெனச்சு, டொம்! ஒரு எளநியத் தள்ளி விட்டாரு.

உள்ள சத்தம் கம்மியாயிட்டே வருது. "ம்மே..."

அப்போ கொடிமலர் ஒரு குச்சியை எடுத்தா. மண்ணுல சரக் சரக்குனு இழுத்தா, ஒவ்வொரு எழுத்தும் கட்டில் பெருசு! 'ஆட்டுகுட்டி கெனத்துல'. தப்பா சரியா, யாருக்குத் தெரியும்!

மாமா குனிஞ்சு பாத்தாரு. சர்ர்ர்ருன்னு எறங்கி வந்தாரு. கயித்தைக் கட்டிக் கெணத்துக்குள்ள போயி, வெடியைத் தோள்ல போட்டுக்கிட்டு மேல வந்துட்டாரு! அது ஒரு ஒதறு ஒதறுச்சு பாரு, ரெண்டு பேரும் தொப்பல்.

அப்புறம் மாமா குச்சியை வாங்கி எழுதுனாரு: 'இது பேரு என்ன?'

'வெடி.'

மாமா விழுந்து விழுந்து சிரிச்சாரு. அவளுக்கும் கேக்கணும் போல இருந்துச்சு. 'மேல இருந்தா என்ன தெரியும்?'

'மலை தெரியும். ரயில் தெரியும்.'

'ரயில்ல ஆளு தெரியுமா?'

இப்படியே போகுது, கால் வைக்க எடமில்லாம மண்ணு பூரா எழுத்து! அம்மா வந்து, "சாப்பிட வாடி"ன்னு கூப்பிட்டாங்க. கொடிமலர் தலையைத் தூக்காம எழுதுனா: 'இரும்மா, பேசிட்டு இருக்கோம்.'

அவ்ளோதான் கதை. எங்க, 'ம்' காணோம்? சரி, தூங்கு தங்கம்.