மடைக்காரியின் முகம்

பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். வெகுகாலத்துக்கு முன்னே ஒரு ராஜா ஓர் ஏரி வெட்டினார். அவர் பெயர் எனக்கு நினைவில்லை. பரிசில் வாங்கிக்கொண்டு அவரைப் பாடியவர்களுக்கே நினைவிருந்திருக்காது. ஏரி மட்டும் ஊருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

அந்த ஏரியின் அடியில் ஒரு கல்தொட்டி இருந்தது. தொட்டியின் மேல் ஒரு துளை, துளையை அடைத்து ஒரு கல்மூடி. பயிருக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் ஒருவர் மூழ்கிப்போய் அந்த மூடியைப் புரட்டிவிட வேண்டும். தண்ணீர் துளைக்குள் இறங்கி, கரைக்கு அடியில் ஓடி, வயலுக்குப் போய்ச் சேரும். இந்த மடை திறக்கிற வேலை தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு உரியது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மடைக்கு அடியில் மடைக்காரி என்று ஒருத்தி குடியிருக்கிறாள் என்று எல்லோரும் நம்பினார்கள். அவள் முகத்தைப் பார்த்தவர் உயிரோடு மேலே வரமாட்டார். அதனால் மூழ்கப் போகிறவரின் கண்களைப் பூசாரி சிவப்புத் துணியால் இறுக்கிக் கட்டுவார். கண்ணைக் கட்டிக்கொண்டு போய், கையால் தடவித் தடவித்தான் மூடியைத் திறக்க வேண்டும். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்பதற்கும் பயந்தார்கள்.

அந்தக் குடும்பத்தில் தாத்தா மடையிலேயே போனார். அப்பா ஒரு வருடம் இரண்டு விரல் நசுங்கி வந்தார், அதன்பிறகு சாகும்வரை தண்ணீரில் இறங்கவில்லை. அவருக்குப் பின் மகன் பூதன் இறங்கினான். சில வருடம் நல்லபடியாகத் திறந்தான். ஒரு வருடம் போனவன் வரவில்லை.

இடுப்பில் கட்டிய கயிற்றை இழுத்துத்தான் உடலை எடுத்தார்கள். வலது மணிக்கட்டைச் சுற்றிக் கன்றிப்போய் ஒரு தடம் இருந்தது. மடைக்காரி பிடித்த பிடி என்றார்கள். பாதி திறந்த மூடி திரும்பவும் துளையில் விழுந்து அடைத்துக்கொண்டது.

அந்த வருடப் பெருமழையில் ஏரி கரை ததும்ப நின்றது. மழை ஓய்ந்துபோய் வயலோ வெடித்துக் கிடந்தது. நெல் சூல்கொண்டிருந்த நேரம் அது. தண்ணீரைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஊர் பட்டினி கிடக்கப் போகிறது. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

பூதனுக்கு மருதி என்று ஒரு தங்கை. அந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களில் மிச்சம் இருந்தது அவள் ஒருத்திதான். ஊர்ப் பெரியவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"கேக்க வாய் வரல தாயி. ஆனா உன்ன விட்டா வேற ஆள் இல்ல" என்றார் ஊர்த்தலைவர்.

மருதிக்குப் பயம். ஏரிப்பக்கம் திரும்பினாலே கை நடுங்கியது. அண்ணனின் மணிக்கட்டுத்தான் கண்முன்னால் வந்து நின்றது. அவள் வீராங்கனை இல்லை, உங்களையும் என்னையும் போல ஒருத்திதான்.

முதல் நாள் கரைவரை போனாள். தண்ணீரைத் தொடாமல் திரும்பி ஓடிவந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் ஒன்று தோன்றியது. 'எதற்காக ஓடினேன்? சாவுக்கா? இல்லை, ஏதோ பிடிக்கும் என்றுதான். பிடிக்கிறது எது?' இத்தனை வருடம் அந்தக் கேள்வியை அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் நாள் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தை உள்ளே அமிழ்த்திக் கண்ணைத் திறந்தாள். தன் கால் தெரிந்தது. பாசி தெரிந்தது. ஒரு கெண்டைக்குஞ்சு அவள் கட்டைவிரலை முகர்ந்துவிட்டுப் போனது. நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் கூடவே ஓர் ஆவலும் ஒட்டிக்கொண்டது.

மூன்றாம் நாள் அவள் ஏரிக்கே போகவில்லை. வீட்டில் விதைநெல் ஊறவைக்கிற தாழி ஒன்று இருந்தது. அதன் அடியில் ஒரு துளை, அதைத் துணியால் அடைத்து வைத்திருப்பார்கள். தாழி நிறையத் தண்ணீர் ஊற்றினாள். கையை உள்ளே விட்டு அடைப்பை எடுத்தாள். உள்ளங்கையைத் தண்ணீர் வெடுக்கென்று துளையோடு சேர்த்து இழுத்தது. தண்ணீர் பாதியாகக் குறைந்தபின் மறுபடி வைத்துப் பார்த்தாள். இழுப்பும் குறைந்திருந்தது.

மருதி நெடுநேரம் அந்தத் தாழியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். தாத்தா போனதும் பெருமழை வருடம். அப்பாவின் விரல் போனதும் பெருமழை வருடம். அண்ணன் போனதும் இந்தப் பெருமழை வருடம். ஏரி ததும்பும்போது மட்டும்தானா மடைக்காரிக்குக் கோபம் வரும்?

விடிந்ததும் வைரம் பாய்ந்த ஒரு மரக்கோலை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். ஊரே திரண்டு நின்றது. பூதனின் மனைவி கொற்றி கயிற்றின் ஒரு முனையை அவள் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். பூசாரி சிவப்புத் துணியோடு வந்தார்.

"துணி வேண்டாம் சாமி" என்றாள் மருதி.

"மூஞ்சியப் பாத்தா திரும்பி வரமாட்டே, பிள்ள."

"பாக்காமப் போனவங்களும் திரும்பி வரலியே சாமி."

பூசாரி துணியை மடித்துக்கொண்டு விலகி நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்தான்.

மருதி மூழ்கினாள். கண்ணைத் திறந்தபடியே இறங்கினாள். பயம் கூடவே வந்தது. கலங்கலில் ஒரு கல்தூண் தெரிந்தது. அதன் அடியில் தொட்டி, தொட்டியின் மேல் மூடி. மூடி சற்றே கோணலாக உட்கார்ந்திருந்தது. அந்தச் சிறு இடுக்கைப் பார்த்துப் பாசி நூல்நூலாக நீண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு எல்லாம் விளங்கியது. கண்ணைக் கட்டிக்கொண்டு போனவர்கள் அந்த இடுக்கைத் தேடித் தடவிக் கையை வைத்திருக்கிறார்கள். ததும்பி நிற்கும் ஏரியின் இழுப்பு அவ்வளவும் அந்தக் கையைப் பிடித்திருக்கிறது. புரட்டிய மூடி அதன்மேலேயே விழுந்திருக்கிறது.

அவள் துளையின் பக்கமே போகவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று, ஒரு கையால் தூணைக் கட்டிக்கொண்டு, கோலை மூடியின் அடியில் கொடுத்து நெம்பினாள். மூச்சு முட்டியது. மறுபடி நெம்பினாள். மூடி புரண்டது. ஏரியே அந்தத் துளைக்குள் பாய்வதுபோல் இருந்தது. அவள் தூணைப் பிடித்து ஏறி மேலே வந்தாள்.

கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. ஊர் மொத்தமும் அங்கே ஓடியது. கொற்றி மட்டும் ஓடவில்லை. கயிற்றை விடாமல் நின்றாள்.

"யாரப் பாத்த?" என்று கேட்டாள்.

"யாருமே இல்ல அண்ணி. ஒரு ஓட்டை. தண்ணி போற ஓட்டை. அதத் தடவிப் பாக்கப் போய்த்தான் எல்லாரும் மாட்டியிருக்காங்க."

கொற்றி கையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"வருசாவருசம் அந்தச் செவப்புத் துணிய அலசிக் காயவெச்சுக் குடுத்தது நான்தான், மருதி."

அவளுக்கு என்ன ஆறுதல் சொல்ல முடியும்? மருதி ஈரத்தோடு அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் கரையிலேயே உட்கார்ந்து அழுதார்கள். கீழே வயல்கள் ஒவ்வொன்றாக நனைந்துகொண்டிருந்தன.

அதன்பிறகு அந்த ஊரில் யார் கண்ணையும் கட்டவில்லை. மருதியே பல வருடம் மடை திறந்தாள். ஒவ்வொரு முறையும் அவள் கை கொஞ்சம் நடுங்கத்தான் செய்தது, அதை அவள் மறைத்ததும் இல்லை. யார் எதற்குப் பயந்து வந்து நின்றாலும், "அது என்னன்னு போய்ப் பாத்தியா?" என்றுதான் முதலில் கேட்பாள்.

ஆகவே கேட்டவர்களே, பயப்படுவது குற்றமில்லை, ஆனால் பயத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொள்பவரை அது விழுங்கும், அது என்னவென்று கண் திறந்து பார்ப்பவரை அது வளர்க்கும்.