சேர்மன் தலையில் ஒரு ஆன்டெனா

எங்கள் ஊர் சேர்மன் வீரபாகுவுக்குத் தன் கூட்டத்தை வானத்திலிருந்து பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிடும் எஸ்தரைக் கூப்பிட்டு, மேடையின் பெரிய திரையில் நேரலையாகக் காட்டச் சொன்னார். திரையிலோ படம் புள்ளி புள்ளியாகச் சிதறியது.

சேர்மன் மைக்கிலேயே சீறினார். “ஏம்மா, பத்தாயிரம் பேர் கூடியிருக்காங்க, ஒருத்தரும் தெரியலையே! படம் தெளிஞ்சா ட்ரோனை எடுத்துட்டுப் போ. இல்லேன்னா அது கட்சி ஆபீஸ்லயே இருக்கட்டும்.”

அது எஸ்தர் பாகம் பாகமாக வாங்கித் தன் கையால் பூட்டிய ட்ரோன்.

“ஐயா, ட்ரோனுக்கும் படத்தை வாங்குற ஆன்டெனாவுக்கும் நடுவுல உங்க அறுபதடி கட்அவுட் நிக்குது. அதோட இரும்புச் சட்டம் சிக்னலை மறைக்குது. இறக்கிடலாமா?”

“என்னை இறக்குறதா?”

“அப்போ ஆன்டெனாவை உங்க தலைமேல வெச்சிடலாம். கிரீடம் மாதிரி இருக்கும்.”

கிரீடம் என்றதும் சேர்மன் குளிர்ந்துபோனார். ஓர் ஆள் கட்அவுட் உச்சியில் ஏறி ஆன்டெனாவைக் கட்டினான். படம் பளிச்சென்று தெளிந்தது. முன்வரிசையில் கொஞ்சம் பேர். பின்னால் மைதானம் முழுக்கக் காலி நாற்காலிகள். மீதிக் கூட்டமெல்லாம் வெளியே பிரியாணி வண்டியைச் சுற்றி நின்றது. முன்வரிசையே சிரித்துவிட்டது.

சேர்மன் மைக்கைப் பொத்திக்கொண்டார். “பழையபடி கலங்கவிடும்மா!”

“கட்அவுட் மறைச்சப்போ நல்லாத்தான் கலங்குச்சு. நீங்களே குறுக்கே நின்னு பாருங்கய்யா.”

சேர்மன் மைதானத்துக்கு ஓடிப்போய்க் கையை விரித்து நின்றார். படம் துளிகூட அசங்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு நடுவில் அவரும் பளிச்சென்று தெரிந்தார்.

“மறைக்கிற சக்தியெல்லாம் கட்அவுட்டுக்குத்தான் போல, ஐயா,” என்று சொல்லி, எஸ்தர் ட்ரோனை இறக்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.