கிணத்துச் சத்தம்

பெனிட்டாவுக்கு வயது முப்பத்துநாலுதான். ஆனால் ஐம்பத்திரண்டு வயது ரத்தினசபாபதி அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை "சார்" என்பாள். கோடம்பாக்கத்தில் ஒரு மாடியறையில் எலக்ட்ரானிக் இசை சொல்லிக்கொடுக்கிறவள் அவள். இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் படங்களுக்குக் கீபோர்டு வாசித்து அலுத்துப்போய், அங்கே போய்ச் சேர்ந்தவர் இவர். யார் குரு, யார் சிஷ்யர் என்பதில் இருவருக்கும் ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

"டீச்சர், உடனே என் ஸ்டுடியோவுக்கு வாங்க. பிழைப்பே போயிடும் போலிருக்கு."

அவள் போய்ப் பார்த்தாள். சிந்தசைசர் பெட்டிக்குப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. ஓரத்தில் சந்தனம், குங்குமம். மேலே ஒரு அட்டை: 'யாரும் தொடக்கூடாது.'

"என்ன சார், கோயில் கட்டிட்டீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க டீச்சர்."

துணியை விலக்கினார். ஐம்பது அறுபது ஒயர்கள் பெட்டி முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. சுவிட்சைத் தட்டினார். பாழுங்கிணற்றின் அடியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது.

அந்தச் சத்தம்தான் ஒரு பேய்ப் படத்தில் வந்து, ரத்தினசபாபதியை ஒரே வாரத்தில் பெரிய இசையமைப்பாளர் ஆக்கியது. தியேட்டரில் ஜனங்கள் அலறினார்கள். சினிமாக்காரர்கள் அவருக்குக் 'கிணத்து சார்' என்று பேரே வைத்துவிட்டார்கள்.

இந்த மாதிரிப் பெட்டிக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது. எந்த ஒயர் எந்தத் துளையில் சொருகியிருக்கிறதோ அதுதான் சத்தம். பிடுங்கினால் போனது போனதுதான், அப்படியே திரும்ப வராது. அதனால் இரண்டு வருஷமாக மனுஷன் ஒரு ஒயரைக்கூட அசைக்கவில்லை. அதற்கப்புறம் வந்த மூன்று படத்துக்கும் அதே கிணறுதான்.

"இப்ப என்ன சார் பிரச்சினை?"

"ஹாரூன்னு ஒரு புது டைரக்டர். கல்யாணச் சமையல் பண்ற அம்மாவைப் பத்தின படம். முதல் சீனுக்கு இதையே போட்டேன். 'சார், அந்தம்மா சாம்பார் வைக்கிறாங்க, எதுக்குப் பேய் வருது?'ன்னு கேட்டுட்டார். நாளைக்குள்ள புதுசா ஒண்ணு தரலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறாராம்."

பெனிட்டா சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க. இந்தப் படம் கைவிட்டுப் போச்சுன்னா நான் திரும்பவும் கீபோர்டைத் தூக்கிட்டு அலைய வேண்டியதுதான். ஒயரை எடுக்காம புது சத்தம் வர ஏதாவது வழி இருக்கா?"

"இல்லை."

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன்."

"யோசிச்சுட்டேன். இந்தக் கிணத்தை ரெக்கார்டு பண்ணி வெச்சிருக்கீங்கல்ல?"

"பத்து இடத்துல இருக்கு. இருந்தும் ஒயரைப் பிடுங்கக் கை வரமாட்டேங்குது."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒயர்களைக் குனிந்து பார்த்தாள்.

"முதல்ல இது எப்படி வந்தது சார்?"

ரத்தினசபாபதியின் முகம் மலர்ந்துவிட்டது. "அதை ஏன் கேக்கறீங்க! அன்னிக்கு எனக்குச் சரியான கடுப்பு. எல்லா ஒயரையும் பிடுங்கிப் போட்டேன். கண்ணை மூடிட்டுக் கண்ட துளையில எல்லாம் சொருகினேன். ராட்சசி மாதிரி கிளம்பி வந்துது பாருங்க!"

"அதுக்கு முன்னாடி இதுல என்ன சத்தம் இருந்தது?"

"அதுவா... நீங்க இங்க வந்து போட்டுக் கொடுத்தது. புல்லாங்குழல் மாதிரி ஒண்ணு."

"மூணு நாள் உட்கார்ந்து போட்டேன்."

"ஆமா டீச்சர்."

"என் வாழ்க்கையிலேயே நான் போட்டதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். எத்தனையோ தடவை முயற்சி பண்ணிட்டேன், திரும்ப வரலை."

அவருக்குக் குரல் இறங்கியது. "எனக்குத் தெரியாதே டீச்சர்."

"அதைப் பிடுங்கறப்போ எனக்கு ஒரு போன் போட்டீங்களா சார்?"

ரத்தினசபாபதி அட்டையை எடுத்தார். பட்டுத்துணியை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார். பிறகு முதல் ஒயரைப் பிடுங்கினார்.